சின்ன ஞானோபதேசம் வந்த வழி

ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் சின்ன ஞானோபதேசம் முதலில் புத்தகமாக வரவில்லை. 1529 ஜனவரியில், விட்டன்பர்க் நகரில், சுவரில் மாட்டும் தாள்களாக அச்சாகி வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் லுத்தர் சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு மனம் நொந்து திரும்பியிருந்தார். சனங்களுக்குப் பத்துக் கட்டளை தெரியவில்லை. கற்பிக்க வேண்டிய குருமாரில் பலருக்கே கற்பிக்கத் தெரியவில்லை. வீட்டுத் தகப்பன் இந்தத் தாளைச் சுவரில் மாட்டி, பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் உட்காரவைத்துக் கேட்கட்டும் என்பது அவர் எண்ணம். அந்த வருடம் மே மாதம் தாள்கள் சேர்ந்து கையடக்கப் புத்தகமாயின. பத்துக் கட்டளை, விசுவாசப்பிரமாணம், பரமண்டல ஜெபம், ஞானஸ்நானம், இராப்போஜனம். ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் பொருள் கேட்டு ஒரு கேள்வி. பிள்ளை வாய் திறந்து சொல்லக்கூடிய அளவில் ஒரு பதில்.

அந்தப் பதில்களில் ஒன்றுக்காகவே இதை எழுதுகிறேன். விசுவாசப்பிரமாணத்தின் மூன்றாம் பகுதி பரிசுத்த ஆவியைப் பற்றியது. அதற்கு விளக்கம் சொல்லும் பிள்ளை, தன்னால் ஆகாததை முதலில் சொல்லிவிடுகிறது. கிறிஸ்துவிடம் வந்து சேர்ந்தது என் அறிவின் கெட்டித்தனம் இல்லை, வரவேண்டும் என்ற நினைப்பைக்கூட இன்னொருவர்தான் எனக்குள் வைத்தார் என்பது அதன் சாரம். இதற்கு நான்கு வருடம் முன்பு, 1525இல், மனிதச் சித்தம் தானாகக் கடவுளை நோக்கித் திரும்பக்கூடியதா என்று அறிஞர் எராஸ்மஸோடு லுத்தர் பெரிய புத்தகமாக வாதாடியிருந்தார். அந்த வாதம் முழுவதும் பத்து வயதுப் பிள்ளையின் வாயில் இரண்டு மூன்று வாக்கியமாக வந்து உட்கார்ந்தது. இரட்சிப்புக்கு நம் பக்கத்திலிருந்து ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு அந்த வாக்கியங்கள் இன்றுவரை இடறல்தான்.

வட சென்னையில் அந்த இடறலை வாரந்தோறும் பார்க்கலாம். காலடிப்பேட்டையிலிருந்து சாத்தாங்காடு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் இரும்புச் சந்தை வரும். ஜார்ஜ் டவுனில் நெரிசல் தாங்காமல் அங்கிருந்த இரும்பு வியாபாரத்தை இங்கே கொண்டுவந்தது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. டிரெய்லர்களில் காயில் காயிலாகத் தகடும் கட்டுக் கட்டாகக் கம்பியும் வந்து இறங்கும். எடைமேடையில் வரிசை நிற்கும். ஞாயிறு காலையில் இந்தச் சத்தம் கொஞ்சம் அடங்கும்போது, தகரக் கூரை போட்ட சின்னச் சின்ன சபைகளிலிருந்து மைக் சத்தம் கேட்கும். எந்தச் சபையானாலும் கடைசியில் ஒரு அழைப்பு உண்டு. கண்களை மூடுங்கள்; இன்றைக்கு ஆண்டவருக்குத் தன்னை முழுசாக ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள். கை உயர்ந்தவர் பெயர் நோட்டில் ஏறும். அடுத்தது முழுக்கு ஞானஸ்நானம். ஒப்புக்கொடுத்தாயா, இல்லையா? இரட்சிக்கப்பட்டவரா, இல்லையா? இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கினால் சீக்கிரத்தில் வந்துசேரும் கேள்வி இது.

கிருபை மட்டுமே போதுமா, நாம் சரணடைந்தால்தான் கிருபை வருமா? இந்தக் கேள்வியைத் தமிழ் நாட்டுக்கு அச்சில் கொண்டுவந்த பொருள்களில் முக்கியமானது அந்தச் சின்ன ஞானோபதேசம். அது வந்த வழியைப் பார்த்தால், சுமந்து வந்த கைகள் எல்லாமே அந்தப் புத்தகத்தோடு கொஞ்சம் மல்லுக்கட்டியிருக்கின்றன.

முதல் கை ஜெர்மனியின் ஹாலே நகரத்துக் கை. அங்கே அநாதைப் பிள்ளைகளுக்குப் பெரிய இல்லமும் பள்ளிகளும் நடத்திய ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, 1687இல் ஒரு பிரசங்கம் தயாரிக்க உட்கார்ந்தவர். விசுவாசத்தைப் பற்றிப் பேசப் போகிற எனக்கே விசுவாசம் இல்லையே என்று நாள்கணக்கில் தவித்து, முழங்காலில் விழுந்து மாறினார். அந்தத் தவிப்பு அவருடைய மாணவர்களுக்கு ஒரு முறையாகிவிட்டது. மனம் உடைந்து, போராடி, தன்னை விட்டுக்கொடுத்த நாள் ஒன்று ஒருவனுக்கு இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். எல்லாரும் லுத்தரன்கள். எல்லாரும் சின்ன ஞானோபதேசத்தைப் பால்யத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள். புத்தகம் கிருபை என்றது. அதைச் சுமந்தவர்கள் கிருபையோடு அந்த நாளையும் கேட்டார்கள். தமிழ் லுத்தரன் சபை பிறக்கும்போதே இந்த இழுபறியோடுதான் பிறந்தது.

ஹாலேயில் கொஞ்சகாலம் படித்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, தோழர் புளுச்சாவுடன் 1706 ஜூலை 9ஆம் தேதி, அன்று டேனியர் கையிலிருந்த தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக். சீகன்பால்குக்கு வயது ஏறக்குறைய 24. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர், லுத்தரின் ஞானோபதேசத்தைச் சீக்கிரமே தமிழில் கொண்டுவந்துவிட்டார். அப்போது அது ஓலையில் இருந்தது. எழுத்தாணியால் கீறி, மை தடவி, படி எடுத்து, பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்லிப் படித்தார்கள். கேள்வியும் பதிலுமாக மனப்பாடம் செய்கிற முறை இங்கே யாருக்கும் புதிதில்லை. பதிலில் இருந்த சங்கதிதான் புதிது.

அதுவும் முழுக்கப் புதிதா என்றால் இல்லை. சீகன்பால்கு வருவதற்கு 300 வருடத்துக்கு மேல் முன்பே இந்த மண்ணில் வைணவர்கள் இதே கேள்வியில் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றிருக்கிறார்கள். தாய்க் குரங்கின் வயிற்றைக் குட்டி தன் கையால் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதுபோல் ஜீவன் சரணாகதியால் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழி வந்தவர்கள் பக்கம். பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகிறது, குட்டி செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது பிள்ளை லோகாசாரியர், மணவாள மாமுனிகள் பக்கம். 1930இல் ஜெர்மானியரான ருடால்ஃப் ஓட்டோ இந்தியாவின் கிருபைச் சமயத்தைக் கிறிஸ்தவத்தோடு ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சிலுவை இல்லாமல் லுத்தரின் கிருபை இல்லை. ஆனால் கேள்வியின் வடிவம் நமக்குப் பழக்கமானது. தமிழ் நாட்டுக் கிறிஸ்தவர்கள் இந்தச் சண்டையை வெள்ளைக்காரன் விட்டுப்போன சண்டை என்று ஒதுக்கினால், தங்கள் பக்கத்து வீட்டில் நூற்றாண்டுகளாக நடந்த பேச்சை அவர்கள் காதில் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஓலையிலிருந்து தாளுக்கு வந்த கதை சுருக்கமாகச் சொல்ல முடியாத கதை. லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் 1711இல் ஒரு அச்சு எந்திரத்தையும் அச்சடிக்கத் தெரிந்த ஒருவரையும் கப்பலில் ஏற்றி அனுப்பியது. அந்தக் கப்பல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ துறையில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. மீட்கப்பட்டுக் கிளம்பியபின், அச்சுக்காரர் நன்னம்பிக்கை முனைப் பக்கம் செத்துப்போனார். 1712இல் எந்திரம் மட்டும் சென்னைக் கரைக்கு வந்தது. அன்று இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். சரக்கு எல்லாம் மசூலாப் படகில் அலை தாண்டித்தான் கரையேறும். அதை இயக்கியவர்கள் இந்தக் கரையின் படகுக்காரர்கள். ராயபுரத்து புனித பேதுரு ஆலயம் பிற்காலத்தில் அவர்களுடைய கைக்காசில் எழுந்தது. தமிழில் நற்செய்தி அச்சடிக்க வந்த எந்திரத்தை, அதில் அச்சாகப்போவதைப் படிக்கத் தெரியாத ஒருவர் தோளில் வாங்கி மணலில் இறக்கியிருப்பார். அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

தமிழ் எழுத்துகள் ஹாலேயிலிருந்து 1713இல் வந்தன. எழுத்து பெரிதாக இருந்தது; தாளைத் தின்றது. கூட வந்த அச்சுக்காரர் ஆட்லர், லண்டன் சங்கம் அனுப்பிய செஷயர் பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடியை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார். பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முடிந்தது. ஞானோபதேசமும் தாளில் ஏறியது.

அதே வருடங்களில் சீகன்பால்குவும் அவர் தோழர் குருண்ட்லரும் தமிழ்ப் பெரியவர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, வந்த பதில் கடிதங்களை ஜெர்மனுக்கு மாற்றி ஹாலேக்கு அனுப்பினார்கள். அவை அங்கே அச்சாயின. அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குறை ஒன்று உண்டு: உங்கள் வேதம் நல்லதுதான், உங்கள் ஆட்களின் நடத்தை சரியில்லையே. குடி, ஆணவம், அசுத்தம், சண்டை. தரங்கம்பாடிக் கோட்டையில் இருந்த ஐரோப்பியரைப் பார்த்துத்தான் அப்படி எழுதினார்கள். கிருபையால் இரட்சிப்பு என்று சொல்லும் மதத்தை நோக்கித் தமிழர் வைத்த முதல் நேர்மையான கேள்வி அது என்று நினைக்கிறேன். வாழ்க்கையை விட்டுக்கொடுக்காதவன் எந்தக் கிருபையைப் பற்றிப் பேசுகிறான்? 220 வருடத்துக்கு மேல் கழித்து, 1937இல், டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மன் லுத்தரன் போதகர் தன் சொந்தச் சபையை நோக்கி ஏறக்குறைய இதையே கேட்டார். பின்பற்றுதல் இல்லாத கிருபையை மலிவான கிருபை என்று பெயரிட்டுச் சாடினார். 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஹிட்லரின் ஆட்கள் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவரும் இதே சின்ன ஞானோபதேசத்தில் வளர்ந்தவர்தான்.

சென்னைக்கு அந்தப் புத்தகம் வந்த வருடம் 1717 என்று சொல்லலாம். ஆளுநர் ஜோசப் காலெட் சம்மதத்தோடு தரங்கம்பாடிக்காரர்கள் இங்கே தருமப் பள்ளிகள் தொடங்கினார்கள். காலெட் பாப்டிஸ்டு மரபில் வளர்ந்தவர். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை ஏற்காத மரபு அது. விசுவாசம் என்பது விவரம் தெரிந்தவன் தானே எடுக்கும் முடிவு என்று நம்புகிறது. அப்படிப்பட்ட ஒருவர் கையெழுத்தில், தானே எடுக்கும் முடிவு எதுவும் தன்னைக் கரைசேர்க்காது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் வந்தது. அதே காலெட்தான் திருவொற்றியூர் பக்கம் நெசவாளர்களைக் குடியமர்த்தி ஒரு பேட்டையை உண்டாக்கினார். காலெட் பேட்டைதான் காலடிப்பேட்டை. அங்கே கல்யாண வரதராசப் பெருமாள் கோயில் எழுந்ததற்கும் அவர் பெயரையே சொல்கிறார்கள். காஞ்சி வரதராசரைத் தினமும் சேவித்துவிட்டு வேலைக்குத் தாமதமாக வந்த ஒரு பக்தருக்காக அவர் கட்டிக்கொடுத்தார் என்பது கோயில் கதை. சாத்தாங்காடு நெடுஞ்சாலை தொடங்கும் இடத்தில் இப்படி மூன்று மரபுகளின் சரணாகதியும் கிருபையும் ஒரே மனிதரின் பதவிக்காலத்தில் வந்து சந்தித்திருக்கின்றன. இதைப் பற்றி இங்கே குடியிருப்பவர்களே பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சீகன்பால்கு 1719இல், 36 வயதில் இறந்தார். 1742இல் சென்னைக்கு வந்த யோவான் பிலிப்பு பாப்ரிசியஸ் அரை நூற்றாண்டு இங்கேயே இருந்தார். வேதத்தைத் திரும்பத் தமிழாக்கினார்; ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் பாடவைத்தார். பிரெஞ்சுக்காரர் 1746இல் சென்னையைப் பிடித்தபோதும், 1758இல் அவர்கள் தளபதி லாலி முற்றுகையிட்டபோதும் சபையாரோடு வடக்கே, டச்சுக்காரர் கையிலிருந்த பழவேற்காட்டுக்குப் போய்த் தங்கினார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து அங்கிருந்த அச்சு எந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அரசாங்க வேலை வந்தால் முதலில் அதை அச்சடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அது வேப்பேரியில் பாப்ரிசியஸ் கைக்கு வந்தது. ஞானோபதேசமும் ஞானப்பாட்டும் ஜெபமும் இனி இந்த நகரத்திலேயே அச்சாகும் வழி பிறந்தது. அந்த மனிதரின் கடைசிக் காலம் கஷ்டகாலம். தன் பொறுப்பில் இருந்த பணத்தை நம்பிக் கடன் கொடுத்து, திரும்பி வராமல், முதிய வயதில் கடனுக்காகச் சிறையில் கிடந்தார். 1791இல் இறந்தார். தன் கையில் ஒன்றுமில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த புத்தகத்தை அவர் அளவுக்கு உடம்பால் அனுபவித்தவர் குறைவு.

இனி வருவது இந்தப் பயணத்தில் எனக்கு மனம் ஆறாத இடம். கடவுளுக்கு முன்னால் யாரும் எதையும் கொண்டுவர முடியாது என்று நூறு வருடம் மனப்பாடம் செய்த சபைகளில், சனங்கள் சாதியைக் கொண்டுவந்து தனித்தனியாக உட்கார்ந்தார்கள். நற்கருணைக் கிண்ணத்தில் யார் முதலில் குடிப்பது என்பதில்கூடச் சாதி இருந்தது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வித்தியாசத்தைச் சபைக்குள் உடனடியாக, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு வெளியே போனார்கள். கிருபையைப் பாடிய பெரிய புலவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்காக எழுதினார். பின்னால் வந்த ஜெர்மன் லுத்தரன்களின் லைப்சிக் மிஷன், சாதி சமூக வழக்கம், அதைப் படிப்படியாகத்தான் விட முடியும் என்று பொறுத்துப் போனது. வெளியேறியவர்களில் பலர் அந்த மிஷனில் போய்ச் சேர்ந்தார்கள். எல்லாரும் லுத்தரின் ஞானோபதேசத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர்கள்.

கிருபை மட்டுமே என்ற உபதேசம் தோற்றது என்று இதைப் பார்த்துச் சிலர் சொல்வதுண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. எல்லாரும் வெறுங்கையோடு வந்தவர்கள் என்பது உண்மையானால், தனிப் பாய் எப்படிப் போட முடியும்? அவர்கள் அந்தப் பதிலைச் சொன்னார்கள்; நம்பவில்லை. வில்சனுடைய உத்தரவு சரணடையச் சொன்னது. அது நியாயமான உத்தரவு. ஆனால் உத்தரவுக்குப் பயந்து ஒரே பாயில் உட்கார்ந்தவன் மனசுக்குள் பாய் இரண்டாகவே இருந்தது. தமிழ்ச் சபைகளில் இன்றைக்கும் கல்லறைச் சுவர்களில் அது தெரிகிறது. கிருபையை நம்பாத சரணாகதி உட்காரும் இடத்தை மாற்றும், அதற்கு மேல் போகாது. சரணாகதி பிறக்காத கிருபையோ பாட்டோடு நின்றுவிடும்.

பிறகு புத்தகம் பல கைகளுக்குப் போனது. 1895இல் அமெரிக்காவிலிருந்து மிசூரி லுத்தரன்கள் வந்தார்கள். 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையானபோது லுத்தரன்கள் வெளியே நின்றார்கள். ராயபுரம் வட்டாரத்துக்கு ரெய்னி மருத்துவமனையைத் தந்த ஸ்காட்லாந்து மிஷன் சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்தது. கிருபையைப் பற்றி அவர்கள் லுத்தரன்களைவிடக் கறாராகப் பேசுவார்கள். மெதடிஸ்டுகளின் மூலவர் ஜான் வெஸ்லி 1738 மே 24 இரவு லண்டனில் ஒரு கூட்டத்தில் லுத்தரின் ரோமர் முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டுத்தான் மனம் அனலானார். ஆனாலும், முன்னால் வந்து நிற்கும் கிருபைக்கு மனிதன் சம்மதம் சொல்லவும் மறுக்கவும் முடியும் என்றே அவர் பிரசங்கித்தார். அதற்குப் பிறகு பெந்தெகொஸ்தே எழுப்புதல். இலங்கையில் 1920களில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனில் ஊழியக்காரர்கள் கலியாணம், சொத்து எல்லாம் விட்டு முழுசாக ஒப்புக்கொடுத்தவர்கள். அவர்களிடம் கிருபை பற்றி விவாதம் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் வாழ்க்கையைப் பார்த்துவிட்டு யாரும் குறைவாகப் பேச முடியாது.

என்னிடம் உள்ள ஞானோபதேசப் படி சாத்தாங்காட்டில் பழைய பேப்பர் கடையில், எடைக்குப் போட்ட பள்ளி நோட்டுகளுக்கு நடுவில் கிடைத்தது. அட்டை இல்லை. இரண்டு கம்பிப் பின் துருப்பிடித்து நடுப் பக்கங்களில் பழுப்புக் கறை. திடப்படுத்தலுக்குப் படித்த ஏதோ பிள்ளையுடையது. ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டு, ஒப்புவித்துவிட்டதற்கு ஒரு டிக். மூன்றாம் பகுதி விளக்கத்தில் டிக் இல்லை. மூன்று தேதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து எழுதியிருக்கின்றன. நீளமான வாக்கியம் என்பதால் பிள்ளைக்குத் தடுக்கியிருக்கலாம்.

இங்கே ஒரு தாயை எனக்குத் தெரியும். கணவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. சந்தையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தவர். அவர்கள் போன ஒரு சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள், எண்ணெய் பூசினார்கள். குணம் வரவில்லை. வீட்டில் யாரோ இன்னும் முழுசாக ஒப்புக்கொடுக்கவில்லை, ஏதோ ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கணவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த அம்மா தான் எதைப் பிடித்து வைத்திருந்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார். தாலி, பிள்ளை, சீட்டில் போட்ட பணம் என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கிறார். சரணடைதலை விலையாக்கினால் நடப்பது இதுதான். விலை கொடுத்து முடிந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லாதவர்களிடம்தான் அந்தப் பாக்கி கடைசிவரை நிற்கும். லுத்தரின் மூன்றாம் பகுதி அந்த அம்மாவுக்காக எழுதப்பட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1999 அக்டோபர் 31ஆம் தேதி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உலக லுத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதி எதுவும் காரணமில்லை, கிறிஸ்துவின் வேலையில் வைக்கும் விசுவாசத்தால், கிருபையாலேயே ஏற்கப்படுகிறோம், அதே கிருபை நற்செயலுக்கும் நம்மை எழுப்புகிறது என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். 1547இல் கத்தோலிக்கரின் டிரெண்ட் சங்கம் போட்ட சாபங்கள் இந்த உபதேசத்தைத் தொடாது என்றும் ஒத்துக்கொண்டார்கள். மெதடிஸ்டுகள் 2006இல் சேர்ந்தார்கள், ஆங்கிலிக்கன்கள் 2016இல், கால்வின் வழிச் சபைகள் 2017இல். தமிழ் லுத்தரன் திருச்சபையும் அந்தக் கூட்டமைப்பில் அங்கம். ராயபுரத்தில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும் கோயில்களுக்கு இந்தச் செய்தி சரியாக வந்து சேரவில்லை. தகரக் கூரைச் சபைகள் அந்த மேசையில் இல்லவே இல்லை.

அப்படி ஒரு சபையை நடத்தும் இளைஞரிடம் இதையெல்லாம் பேசினேன். வாரநாளில் கேஸ் கட்டிங் வேலை. முழங்கை வரை தீப்பொறிப் புள்ளிகள். குடித்துக் கிடந்த எத்தனையோ பேரை எழுப்பி உட்காரவைத்தவர். அவர் சொன்னார்:

“ஐயா, ஒப்புக்கொடுன்னு நான் கேக்கலன்னா ஒருத்தன் குடிய எப்படி விடுவான்? கிருபை, கிருபைன்னு சொன்னா கடைக்குத்தான் போவான்.”

“பாஸ்டர், குடிய விட்டவங்க உங்க சபையில சாட்சி சொல்றாங்கல்ல, என்ன சொல்றாங்க?”

“ஆண்டவர் என்னைத் தூக்கி எடுத்தார்னு சொல்வாங்க.”

“நான் நல்லா முடிவெடுத்தேன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “இல்லீங்க ஐயா. அப்படி யாரும் சொன்னதில்ல.”

நான் இத்தனை வருடமாக இந்தச் சபைகளில் கவனித்தது அதுதான். மேடையிலிருந்து வரும் அழைப்பு சரணடையச் சொல்கிறது. வந்தவன் திரும்பி நின்று சாட்சி சொல்லும்போது சரணடைந்த கதையைச் சொல்வதில்லை. தன்னைப் பிடித்த கதையைச் சொல்கிறான். எந்த மரபும் கற்றுக்கொடுக்காமலே எண்ணூரிலும் சாத்தாங்காட்டிலும் ஒவ்வொரு சாட்சியும் அப்படித்தான் வருகிறது. ஒப்புக்கொடுத்தல் பொய்யில்லை. அது நடக்கிறது, நடக்காமல் யாரும் கிறிஸ்தவனாவதில்லை. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று நடந்து முடிந்திருக்கிறது. லுத்தரின் பிள்ளை சாட்சி சொல்கிறவன் இடத்திலிருந்து பேசுகிறது.

அந்த இளைஞர் விடவில்லை. “சாட்சி சொல்றவன் வந்துட்டவன் ஐயா. வராதவன் இருக்கான் பாருங்க, எங்க அண்ணன் மாதிரி. ரெண்டு பேருக்கும் ஒரே வசனத்ததான் சொன்னேன். அவரைத் தூக்கி எடுக்கலையா ஆண்டவர்?”

இந்தக் கேள்விக்குக் கால்வின் வழியார் 1618, 1619இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடித் துணிந்து ஒரு பதில் எழுதினார்கள்: தெரிந்துகொள்ளப்பட்டவனிடம் கிருபை தோற்காது, மற்றவன் விடப்பட்டான். லுத்தரன்கள் அதற்கு முன்பே, 1577இல் எழுதிய உடன்படிக்கையில், அந்தப் பதிலுக்குப் போக மறுத்துவிட்டார்கள். இரட்சிக்கப்பட்டவன் கடவுளால் இரட்சிக்கப்பட்டான். கெட்டவன் தன்னால் கெட்டான். ஒருவனுக்கு இது, இன்னொருவனுக்கு அது ஏன் என்பதை ஆராய எங்களுக்கு அதிகாரம் இல்லை. தர்க்கத்தில் அது ஓட்டையான பதில்தான். ஆனாலும் அண்ணனுக்காக அழுகிற தம்பியிடம் டார்ட்டின் பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லுத்தரன்கள் நிறுத்திய இடத்திலேயே நானும் நிறுத்தினேன். அண்ணனுக்காக ஜெபிப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றேன்.

அவர் என் படியைக் கேட்டு வாங்கி, மூன்றாம் பகுதிப் பக்கத்தை மட்டும் சந்தை வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் முப்பது படி எடுத்தார். வெள்ளிக்கிழமை வாலிபர் வகுப்புக்கு. ஒவ்வொரு தாளின் அடியிலும் இடம் விட்டு, தன் அண்ணனைப் பற்றிய கேள்வியைத் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.